நமக்கென்று ஒரு நூறு ரூபாய்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



என்னைச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசின மூன்று பேரும் சேமிப்பைப் பற்றியே பேசிவிட்டார்கள். அதனால் நான் செலவைப் பற்றிப் பேசட்டுமா என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "பேசு, ஆனா குழுப் பணத்தைக் கரைக்கிற மாதிரி எதையும் சொல்லிராத" என்றார். அப்படி எதுவும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க அக்கா.

நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தன. அப்போது நான் இரண்டெழுத்துக் கூடப் படிக்காத சின்னக் குழந்தை. அன்றிலிருந்து நம்ம பெண்கள் எவ்வளவோ கற்றுக்கொண்டார்கள். பஞ்சசூத்திரம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தவறாமல் கூட்டம் போடுவது, தவறாமல் சேமிப்பது, உள்கடன் கொடுப்பது, சரியாகத் திருப்பிக் கட்டுவது, கணக்கைச் சரியாக எழுதுவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்தையும் சொல்லுவோம். இந்த ஐந்தில் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்பது எங்கேயும் வரவில்லை. அது நமக்குத் தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டார்கள் போல.

எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவள் நான். பத்தாவது வரைக்கும் படித்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. போன வருஷம் தணிக்கைக்குக் கொடுப்பதற்காக எட்டு வருஷத்துத் தீர்மானப் புத்தகங்களை எடுத்து வைத்து, யார் எதற்குக் கடன் வாங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். கறவை மாடு, ஆடு, பையன் கல்லூரிக் கட்டணம், பொண்ணு சடங்கு, மோட்டார் ரிப்பேர், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவு, நாத்தனார் வளைகாப்புச் சீர், ஓடு மாற்ற, அடகு திருப்ப. நூற்றுக்கு மேலே கடன். அதில் ஒரு பொம்பளை தனக்கென்று வாங்கினது எத்தனை என்று தேடினேன். மூன்று இருந்தது. ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு. ஒருத்தி பல் பிடுங்க. ஒருத்தி கண்ணாடி போட. மூன்றுமே உடம்பு வலிக்காக வாங்கினது. சந்தோஷத்துக்கு என்று ஒரு வரி கூட இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். "ஆமா, சந்தோஷத்துக்குக் கடன் வாங்கறேன்னு எழுதினா மேலாளர் சார் குடுத்துருவாரா?" என்று ஒரு அக்கா கேட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் கேட்டேன்: "சரி, கடனை விடுங்க. உங்க கையில வர்ற பணத்துல, போன மாசம் உங்களுக்குன்னு என்ன வாங்கினீங்க?" ஒருத்தி சோப்பு என்றாள். அதையும் வீடே சேர்ந்து போட்டுக் கரைக்கிறது என்று அவளே சொன்னாள். ஒருத்தி ரொம்ப யோசித்து, "தலைவலி மாத்திரை" என்றாள்.

2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரில் இருந்து உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் நிறைய பேருக்கு வருகிறது. நம்ம பேரில் கணக்கு, நம்ம போனுக்கு மெசேஜ். குழுச் சேமிப்பும் நம்ம பேரில். இவ்வளவும் நம்ம பேரில் இருந்தும், அதில் ஒரு பத்து ரூபாயைத் தனக்கு என்று எடுக்கும்போது திருடுகிற மாதிரி கை நடுங்குகிறதே, அது ஏன்? நான் அன்றைக்குக் கூட்டத்தில் கேட்டது இதைத்தான். இன்றைக்கு உங்களிடம் கேட்பதும் இதைத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசிக்கே வழியில்லாத வீட்டில் போய் நீ சந்தோஷமாகச் செலவு பண்ணு என்று நான் சொல்லவில்லை. கழுத்தில் கடன் இறுக்கும்போது பூ வாங்கினாலும் அது மணக்காது. பணம் கொடுத்து வாங்கக்கூடிய சந்தோஷத்தில் நான் பார்த்ததிலேயே பெரியது, வட்டிக்காரனுக்குக் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்து படுக்கிற அன்றைய தூக்கம்தான். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி 10,000 ரூபாயை நாலு வட்டிக்கு வெளியில் வாங்கி வைத்திருந்தாள். மாதம் 400. வருஷத்துக்கு 4,800 கட்டியும் அசல் அப்படியே நின்றது. குழுவில் ஒரு வட்டிக்கு வாங்கி அதை அடைத்தோம். முதல் மாதம் வட்டி 100, அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. அந்த வாரம் கூட்டத்துக்கு வந்தவள் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. அதனால் வெளிக்கடன் இருக்கிறவர்கள் முதலில் அதை அடையுங்கள். நான் மேலே சொல்லப் போவது அதற்கு அப்புறம் மிச்சம் நிற்கிற பணத்தைப் பற்றி. கொஞ்சம்தான் நிற்கும். கொஞ்சம் என்பதால்தான் யோசித்துச் செலவு செய்யணும்.

அன்றைக்கு எங்கள் குழுவில் ஒரு பேச்சு முடிவு செய்தோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை, வாயால்தான். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய், தனக்கென்று. வீட்டுக்கு, பிள்ளைக்கு, சாமிக்கு, சொந்தக்காரருக்கு என்று போகக்கூடாது. என்ன வாங்கினோம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லணும். முடியாதவர்கள் ஐம்பது, அதுவும் முடியாவிட்டால் இருபது.

என் மாமியார் இதைக் கேள்விப்பட்டு, "பூ வெச்சுக்கறதுக்கா குழு வெச்சீங்க?" என்றார். பூவுக்கும் சேர்த்துத்தான் அத்தை என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் மாதம், "எனக்கும் ஒரு முழம் வாங்கிட்டு வா, சாமி படத்துக்கு" என்றார். சாமி படத்துக்கு என்றுதான் சொன்னார்.

முதல் மாதம் நூறு ரூபாயை வைத்துக்கொண்டு முழித்தவர்கள்தான் அதிகம். எது பிடிக்கும் என்றே தெரியவில்லை பலருக்கு. வீட்டுக்காரருக்கு மீன் குழம்பு பிடிக்கும், மகனுக்குப் பரோட்டா பிடிக்கும், இதெல்லாம் தெரியும். நமக்கு? ஒருத்தி சொன்னாள், "கல்யாணத்துக்கு முன்னால எனக்கு பால்கோவா பிடிக்கும். இப்ப பிடிக்குமான்னு வாங்கிப் பார்க்கணும்." வாங்கிப் பார்த்தாள். பிடித்தது.

ஆறேழு மாதம் இப்படிப் போனதில் எங்களுக்குச் சில சங்கதிகள் புரிந்தன. எல்லாம் எங்கள் குழுவில் நடந்ததுதான்.

நமக்கு வேலையைக் குறைக்கிற பொருளுக்குக் கொடுக்கிற காசு தினமும் சந்தோஷம் தருகிறது. 2011-ல் ஆரம்பித்து மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆன புதுசு. அதுவரைக்கும் சாயந்தரமானால் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து தோள் கழலும். எங்கள் வீட்டுக் கிரைண்டர் இன்றைக்கும் ஓடுகிறது, பெல்ட் மட்டும் இரண்டு தடவை மாற்றினோம். இன்றைக்கும் மாவு ஆட்டும்போது அதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. ஆனால் அதைவிட அதிக விலைக்கு எடுத்த என் கல்யாணப் பட்டுச்சேலை பீரோவில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் எடுத்து உதறி மடித்து வைக்கிறேன். சேலையைக் குறை சொல்லவில்லை. எடுத்த அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும்தான்.

எங்கள் தெருவில் குழாய் வீட்டில் இருந்து நாற்பது அடி தள்ளி இருக்கிறது. இடுப்பு வலிக்கிற ஒரு அக்கா பதினைந்து வருஷமாகக் குடத்தில் தூக்கினாள். ஐந்து மாதம் நூறு நூறாகச் சேர்த்து 450 ரூபாய்க்கு ஓஸ் பைப் வாங்கினாள். இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடி டிரம்மில் தண்ணீர் விழுவதைப் பார்க்கிறாள். "இவ்வளவுதானாடி இது?" என்று என்னிடம் கேட்டாள். பதினைந்து வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு போன் மாறியது, ஒரு டிவி மாறியது. ஓஸ் பைப் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் தண்ணீர் தூக்குகிறவள் வேறு, பொருள் வாங்குகிறவர் வேறு.

கண்ணாடி போடக் கடன் வாங்கின அக்காவைச் சொன்னேனே, அவள் கதையும் அப்படித்தான். நாற்பது தாண்டியதும் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியவில்லை, கண் போய்விட்டது என்று நினைத்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கோர்க்கச் சொன்னாள். கண்ணாடி வந்த பிறகு ரவிக்கை தைக்கிற வேலையை மறுபடி எடுத்தாள். போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று அவளே பார்த்துக்கொள்கிறாள். வலிக்காக வாங்கின கடன் என்று சொன்னேன், ஆனால் அது அவளுக்குத் தந்தது வேறு.

ஒவ்வொருத்திக்கு ஒவ்வொன்று. எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா இருக்கிறார், வீட்டுக்காரர் இறந்து இருபது வருஷம் ஆகிறது. நூறு ரூபாய்ப் பேச்சு வந்தபோது, "எனக்குப் பூவா பொட்டா, எனக்கு எதுக்கு?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவரே என்னிடம் வந்து, "எனக்கு ஒரு நாடாக் கட்டில் வேணும்டி" என்றார். முழங்கால் வலியோடு இருபது வருஷமாகத் தரையில் படுத்து எழுந்தவர். விலை 1,800. அதற்குக் குழுவில் 1,500 கடன் கொடுத்தோம். மகன், "இந்த வயசுல உனக்குக் கட்டில் எதுக்கு?" என்று கேட்டானாம். வேப்பமரத்தடியில் போட்டு மத்தியானம் படுக்கிறார். கடன் கட்டி முடித்தாயிற்று. யாராவது அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார், எங்களையும்தான்.

அடுத்தவருக்குச் செலவு செய்வதும் சந்தோஷம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் இரண்டு விதம் இருக்கிறது. மொய் எழுதுகிறோம். போன தடவை அவர்கள் 500 வைத்தார்கள், நாம் 1,000 வைக்கணும், இல்லாவிட்டால் பேச்சு வரும். நோட்டில் ஏறிவிடுகிறது, திரும்பி வரணும். அது ஒரு கணக்கு. ஒரு கல்யாணம் நிற்காமல் நடக்க அது உதவுகிறது, அதனால் மொய் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொய் வைத்துவிட்டு மனசு நிறைந்து வீட்டுக்கு வந்த பொம்பளையை நான் பார்த்ததில்லை. இன்னொரு பக்கம், எங்கள் பக்கத்து வீட்டுப் பொண்ணு பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. அந்தப் பொண்ணு என் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளிர்கிறது. என்னோடு பத்தாவது படிப்பு நின்றதால் இருக்கலாம்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். கடல்.

நம்ம மாவட்டத்தில் மலை இருக்கிறது, ஒகேனக்கல் இருக்கிறது, கடல் இல்லை. எங்கள் குழுவில் பதினாலு பேர். அதில் பதினொரு பேர் கடலைப் பார்த்ததில்லை. டிவியில் பார்த்ததுதான். ஒகேனக்கல்லுக்கு எல்லாரும் போயிருக்கிறோம், ஆடிப்பெருக்குக்கு. எப்படிப் போனோம்? அண்டா, அடுப்பு, அரிசி, மசாலா, கைக்குழந்தை எல்லாம் தூக்கிக்கொண்டு போனோம். வீட்டில் சமைப்பதை ஆற்றங்கரையில் சமைத்தோம். ஆம்பளைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய்விட்டு வந்து சாப்பிட்டார்கள். நாம் பாத்திரம் கழுவினோம். அருவிச் சத்தம் கேட்டது, அது உண்மை.

கட்டில் வாங்கின பெரியம்மாதான் கேட்டார், "சாவறதுக்குள்ள ஒருக்கா கடலைப் பார்க்கணும், குழுவுல ஏற்பாடு பண்ணக் கூடாதா?" என்று. உடனே ஒருத்தி, குழுவில் உள்கடன் எடுத்துப் போகலாம் என்றாள். அங்கேதான் சண்டை வந்தது. இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. ஊர் சுற்றக் கடனா, நாளைக்கு யாராவது கட்டாமல் விட்டால் கூட்டமைப்பில் நம் பேர் என்ன ஆகும் என்று ஊக்குநர் அக்கா கேட்டாள். கட்டிலுக்குக் கொடுத்தோமே, இதற்கு ஏன் கூடாது என்று இவர்கள் கேட்டார்கள்.

ஊக்குநர் அக்கா சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது, ஆனால் வேறு காரணத்துக்காக. கட்டில் கடன் கட்டும்வரை கட்டில் வீட்டில் இருக்கிறது. தினமும் படுத்துக்கொண்டே தவணை கட்டலாம். கடல் ஒருநாள். பார்த்துவிட்டு வந்து பத்து மாதம் தவணை கட்டினால், ஏழாவது மாதத்தில் ஏன்தான் போனோமோ என்று ஆகிவிடும். தின்று தீர்த்த பண்டத்துக்குத் தவணை கட்டுவது கசக்கும். அதனால் மாற்றிப் போட்டோம். முதலில் கட்டுவது, அப்புறம் போவது. ஆளுக்கு மாதம் 100, பன்னிரண்டு மாதம். தனி நோட்டு, தனி உண்டியல், குழுக் கணக்கோடு கலக்கவில்லை. உண்டியல் சாவி ஊக்குநர் அக்காவிடம். எதிர்த்தவள் கையில்தான் சாவி இருக்கணும் என்று நாங்கள்தான் சொன்னோம்.

அந்தப் பன்னிரண்டு மாதமும் இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன அந்த ஒருநாள் சந்தோஷம் ஒரு பங்கு என்றால், போகப் போகிறோம் என்ற சந்தோஷம் மூன்று பங்கு. எந்தச் சேலை கட்டுவது, உப்புத்தண்ணி பட்டால் சாயம் போகுமா, அலை இழுத்துக்கொண்டால் என்ன செய்வது, கூட்டம் பூராவும் இதே பேச்சு. கூட்டத்துக்கு வராமல் இழுத்தடிக்கிற இரண்டு பேர் ஒருநாள் தவறாமல் வந்தார்கள். சேமிப்புத் தவணை பாக்கி ஒருத்தியும் வைக்கவில்லை. மேலாளர் சார், இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

சேர்ந்த பணம் 16,800. வண்டி, டிரைவர் படி, சுங்கம் எல்லாம் சேர்த்து 12,500. மூன்று வேளைச் சாப்பாடு, டீ 4,200. மிச்சம் 100 ரூபாய். அதையும் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தீர்த்துவிட்டோம்.

தை மாதம், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் போய், திருவண்ணாமலையில் கோபுரத்தை வண்டியில் இருந்தே கும்பிட்டு, செஞ்சிக் கோட்டையை எட்டிப் பார்த்து, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. காந்தி சிலை இருக்கிற கடற்கரைச் சாலையில் பெரிய பெரிய கருங்கல்லாகப் போட்டிருக்கிறார்கள், அங்கே இறங்கிக் கால் நனைக்க முடியவில்லை. டிரைவர் தம்பி மணல் இருக்கிற பக்கமாகக் கூட்டிப் போனார். பதினாலு பேரும் கை கோர்த்து வரிசையாக நின்றோம். முதல் அலை வந்ததும் எல்லாரும் கத்தினோம். பெரியம்மா கத்தவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார், இடுப்பு வரைக்கும் நனைய. எழுந்திரு பெரியம்மா என்றால், "கொஞ்சம் இருடி" என்கிறார். அரைமணி நேரம் அப்படியே இருந்தார். ஒரு வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணி பிடித்துக்கொண்டு வந்து இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்.

ஆனால் திரும்பி வந்த பிறகு அதிகம் பேசப்பட்டது கடலைப் பற்றி இல்லை. மத்தியானம் ஓட்டலில் இலை போட்டு, ஒரு ஆள் நின்று, "அம்மா, சாம்பார் போடட்டுமா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். எங்கள் குழுத் தங்கச்சி ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. என்னவென்று கேட்டோம். "சூடா சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா" என்றாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறினதைத் தின்கிற நமக்கெல்லாம் அது புரிந்தது. அவள் இப்போது வாரத்தில் ஒருநாள் வீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அதற்குக் காசு கூட வேண்டாம் என்று கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்காரர் முதல் வாரம் முறைத்தாராம். இப்போது அவரே அன்றைக்கு ரசம் ஊற்றுகிறாராம். எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை, ஒருநாள் போய்ப் பார்க்கணும்.

இரவு பதினொன்றுக்கு ஊர் வந்து சேர்ந்தோம். சில வீடுகளில் முகம் தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. ஒரு வீட்டில் பசங்களே சோறு வடித்துவிட்டு, குழைந்து போனதை அம்மாவுக்கு வைத்திருந்தார்கள். அதையும் அவள் சாப்பிட்டாள்.

அடுத்த வருஷத்துக்கான உண்டியல் வைத்துவிட்டோம். இந்தத் தடவை ராமேசுவரம் என்று ஐந்து பேரும், ஊட்டி என்று ஒன்பது பேரும் நிற்கிறோம். ஊக்குநர் அக்கா ஊட்டிக் கட்சி. சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. வண்டியில் நாலு இடம் காலி வரும், மற்ற குழுக்களில் இருந்து வர விருப்பப்படுகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் பேர் கொடுக்கலாம். முதல் மாதத் தவணை 100 ரூபாய், ரொக்கமாக.